விரதத்துக்கு முன் எடுத்த ரத்தம் ஃப்ரீசரில் காத்திருக்கலாமா?

டர்பன் அருகே சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு மாணவி கேட்கிறார்: "புரட்டாசி விரதம் இருப்பவர்களிடம் விரதத்துக்கு முன்பும் முடிந்த பிறகும் ரத்தம் எடுத்து வைட்டமின் அளவு பார்க்கப் போகிறேன். முதல் சாம்பிளை ஃப்ரீசரில் வைத்திருந்து, இரண்டாவதோடு சேர்த்துச் சோதிக்கலாமா? அதற்குள் அளவு குறைந்துவிடாதா?"

சேர்த்தே சோதியுங்கள். ஒரே நாளில், ஒரே கிட்டில் பார்த்தால்தான் ஒப்பிட முடியும். ஆனால் முதல் சாம்பிள் ஒரு மாதம் கூடுதலாக ஃப்ரீசரில் கிடந்திருக்கும். அது பாதிக்குமா என்பது வைட்டமினைப் பொறுத்தது.

வைட்டமின் டி பற்றிக் கவலை வேண்டாம். மைனஸ் 20 டிகிரியில் ஆண்டுக்கணக்கில் தாங்கும். பி12-ம் ஒரு மாதத்துக்குக் கெடாது. (ஒரு மாதம் கறி, மீன் விட்டதில் பி12 சரிந்தது என்று முடிவு வந்தால், நான் முதலில் லேபைத்தான் சந்தேகப்படுவேன். கல்லீரலில் சில வருடங்களுக்கான இருப்பு உண்டு.)

தொல்லை கொடுப்பது ஃபோலேட் என்ற பி வைட்டமின். மைனஸ் 20-ல் வைத்த சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரியும் மஞ்சள் நீர்) அது மெல்ல மெல்லச் சிதையும். விரத மாதத்தில் பருப்பும் கீரையும் கூடுதலாகச் சாப்பிடுவதால் ரத்தத்தில் ஃபோலேட் நிஜமாகவே ஏறலாம். முதல் சாம்பிளில் அளவு ஃப்ரீசரில் இறங்கியிருந்தாலும் உங்கள் அட்டவணையில் அதே ஏற்றம்தான் தெரியும். விரதத்தின் பங்கு எது, ஃப்ரீசரின் பங்கு எது? பிரிக்க ஒரு வழி உண்டு. முதல் நாளே சிலருடைய சீரத்தை ஒன்றாகக் கலந்து சிறு டியூப்களில் பிரியுங்கள். சிலவற்றை அன்றே சோதித்துவிட்டு, மீதியைக் கடைசி நாளில் மற்றவற்றோடு சோதியுங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் வந்தால் ஃப்ரீசரைச் சந்தேகிக்கலாம். முடிந்தால் மைனஸ் 80-ல் வையுங்கள். ஃபோலேட்டைக் காக்க அஸ்கார்பிக் அமிலம் (வைட்டமின் சி-யேதான்) சேர்க்கும் வழக்கமும் உண்டு. சேர்த்த டியூபில் பி12 பார்க்காதீர்கள்.

வைட்டமின் சி? அதைக் காக்கும் வேறொரு அமிலம் சேர்த்து உடனே மைனஸ் 80-க்குக் கொண்டுபோக வசதி இல்லையென்றால் விட்டுவிடுங்கள், வீண் செலவு.

அப்புறம், முழு ரத்தத்தை ஃப்ரீசரில் வைத்துவிடாதீர்கள். சிவப்பணுக்கள் உடைந்து, உள்ளிருக்கும் ஃபோலேட் வெளியே கொட்டி, அளவு பல மடங்காகக் காட்டும். சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, சீரத்தைப் பிரித்து, சோதனைக்கு ஒரு டியூபாக வையுங்கள். ஒருமுறைக்கு மேல் உருக்க வேண்டியிருக்காது. தானாகப் பனி கரைக்கும் வீட்டு ஃப்ரீசர் கூடவே கூடாது, அது அடிக்கடி தன்னைத்தானே சூடாக்கிக்கொள்ளும். லோட் ஷெட்டிங்கைப் பார்த்த ஊரில் இருக்கிறீர்கள். வெப்பநிலையைப் பதிவு செய்யும் கருவி ஒன்றை உள்ளே வைத்துவிடுங்கள். கரண்ட் போனால் கதவைத் திறக்க வேண்டாம்.

உருகிய டியூபை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அடியில் அடர்மஞ்சள், மேலே வெளிறிய நீர். அப்படியே மேலிருந்து பிப்பெட்டில் எடுத்தால் எல்லாமே குறைவாகக் காட்டும். பத்து முறையாவது மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்த்து, நிறம் ஒன்றான பிறகு எடுங்கள்.