உயரம் ஏற்றிய பிக்கப்பில் ஸ்டீயரிங் லூசாக இருக்கிறது, நேர் சாலையிலும் வண்டி அலைகிறது. ஸ்டீயரிங் பாக்ஸை மாற்றிவிடலாமா?

பாக்ஸுக்குக் காசு கொடுக்க வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். முன்னால் காயில் ஸ்பிரிங் போட்ட சாலிட் ஆக்ஸில் (இரண்டு சக்கரங்களையும் ஒரே தண்டாக இணைப்பது), உயரம் ஏற்ற 4 இன்ச் லிஃப்ட், 35 இன்ச் டயர், டை ராட் எண்டுகள் (சக்கரங்களைத் திருப்பும் கம்பியின் முனை ஜாயிண்ட்டுகள்) புதிது என்று சொல்லியிருக்கிறீர்கள். இதில் இரண்டு கோளாறுகள் கலந்திருக்கலாம். ஸ்டீயரிங்கை அசைத்தும் சக்கரம் உடனே திரும்பவில்லை என்றால் அது ஆட்டம்: எங்கோ ஒரு ஜாயிண்ட் தேய்ந்திருக்கிறது, இல்லை போல்ட் தளர்ந்திருக்கிறது. சக்கரம் சொன்னபடி கேட்கிறது, ஆனால் வண்டி நேராகப் போகாமல் நீங்கள் திருத்திக்கொண்டே வர வேண்டியிருக்கிறது என்றால் அது அலைச்சல். அதற்குக் காரணம் பெரும்பாலும் கோணம்தான். லிஃப்ட் போட்ட வண்டியில் இரண்டும் சேர்ந்தே வருவதால்தான் பார்ட்ஸை மாற்றி மாற்றி மாட்டியும் தீராது.

முதலில் ஆட்டத்தைப் பாருங்கள். ஜாக்கி வேண்டாம், வண்டியின் எடை டயரில் இருந்தால்தான் தரை அதைப் பிடித்துக்கொள்ளும், தேய்ந்த இடம் தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஹேண்ட்பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, இன்ஜினை ஓடவிடுங்கள். ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாகக் கொஞ்சம் கொஞ்சம் அசைக்கட்டும். நீங்கள் ஸ்டீயரிங் ஷாஃப்ட்டில் ஆரம்பித்துச் சக்கரம் வரை ஒவ்வொரு ஜாயிண்ட்டாகப் பாருங்கள். பாக்ஸுக்குள் போகும் தண்டு சுற்றுகிறது, வெளியே பிட்மேன் ஆர்ம் (பாக்ஸிலிருந்து வெளியே வரும் கை) அசையவே இல்லை என்றால்தான் பாக்ஸின் மேல் சந்தேகப்பட வேண்டும். பாக்ஸே ஃபிரேமிலிருந்து விலகி அசைகிறதா, அதன் போல்ட்டுகளைச் சுற்றி ஃபிரேமில் விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள். பெரிய டயர் போட்டால் அந்த இடத்துக்குத்தான் அடி விழும்.

பந்தயம் கட்டச் சொன்னால் நான் டிராக் பார் மேல்தான் கட்டுவேன். ஃபிரேமிலிருந்து ஆக்ஸிலுக்குக் குறுக்காகப் போகும் கம்பி அது; ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடித்துவைப்பது அது ஒன்றுதான். அதன் முனையில் ஆட்டம் இருந்தால், ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் சக்கரம் திரும்புவதற்கு முன்னால் ஆக்ஸிலே ஒரு பக்கம் ஒதுங்கும். ஸ்டீயரிங் அசையும்போது கட்டைவிரலைப் பாதி பிராக்கெட்டின் மேலும் பாதி பாரின் மேலும் தட்டையாக வைத்துப் பாருங்கள் (இடுக்கில் விடாதீர்கள், நசுங்கிவிடும்). கண்ணுக்குத் தெரியாத ஆட்டமும் விரலுக்குத் தெரியும். போல்ட் தலையைச் சுற்றிப் பெயிண்ட் போய் இரும்பு பளபளக்கிறதா, துருப்பொடி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் போல்ட் துளையே நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கலாம். அதை எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது, பிராக்கெட்டைத்தான் சரிசெய்ய வேண்டும். ரப்பர் புஷ் உள்ள முனையை, வண்டி சக்கரத்தில் நிற்கும்போதுதான் முழுசாக இறுக்க வேண்டும்.

பால் ஜாயிண்ட்டையும் வீல் பேரிங்கையும் ஜாக்கி போட்டு, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள்.

அடுத்தது அலைச்சல். லிஃப்ட் போட்டுப் பழைய கண்ட்ரோல் ஆர்ம்களையே (ஆக்ஸில் முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கும் கைகள்) விட்டிருந்தால் ஆக்ஸில் சற்று உருண்டு காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் கோணம்) குறைந்திருக்கும். சக்கரம் தானாக நேருக்குத் திரும்புவது காஸ்டரால்தான். காலி மைதானத்தில் மெதுவாக ஒரு வளைவு எடுத்துப் பிடியைத் தளர்த்துங்கள். ஸ்டீயரிங் சோம்பலாகத் திரும்பினால், அல்லது திரும்பவே இல்லை என்றால் அலைன்மெண்ட் தாளை எடுத்துப் பாருங்கள். இந்த மாதிரி வண்டியில் 4 முதல் 6 டிகிரி பாசிட்டிவ் இருந்தால் பொதுவாக நன்றாக ஓடும். 2 டிகிரிதான் இருக்கிறது என்றால் அலையாமல் என்ன செய்யும்? பல சாலிட் ஆக்ஸில்களில் காஸ்டரை நேரடியாகத் திருப்ப வழியே இல்லாததால், அலைன்மெண்ட் கடைக்காரர் டோவை (முன் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) மட்டும் சரிசெய்து அனுப்பிவிடுவார். நீளம் மாற்றக்கூடிய கண்ட்ரோல் ஆர்ம் அல்லது டிராப் பிராக்கெட் (ஆர்மின் பிடிப்பைக் கீழே இறக்குவது) போட்டால் காஸ்டர் மீண்டும் கூடும். ஆனால் அளவு மீறினால் பினியன் (டிரைவ்ஷாஃப்ட் ஆக்ஸிலில் சேரும் முனை) கீழ்நோக்கிச் சாய்ந்து முன் டிரைவ்ஷாஃப்ட் அதிர ஆரம்பிக்கும். டோவைப் பொறுத்தவரை, மொத்தமாக 1.5 முதல் 3 மில்லிமீட்டர் வரை உள்நோக்கி இருந்தால் சரி. வெளிநோக்கிப் போனால் வண்டி இருபக்கமும் பாயும்.

மேடுபள்ளத்தில் மட்டும் ஸ்டீயரிங் தானாகத் திரும்புகிறதா? வண்டிக்கு முன்னால் நின்று டிராக் பாரும் டிராக் லிங்க்கும் (பிட்மேன் ஆர்மிலிருந்து சக்கரப் பக்கம் போகும் கம்பி) ஒரே சாய்வில் இருக்கின்றனவா பாருங்கள். டிராப் பிட்மேன் ஆர்மை (முனை கீழே இறங்கிய வகை) மட்டும் மாட்டி, டிராக் பாரை அப்படியே விட்ட வண்டிகளில் இந்தத் தொந்தரவு உறுதி.

செலவே இல்லாத ஒன்று டயர் காற்று. கனமான டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது உச்ச அளவு. அவ்வளவும் நிரப்பினால் டயர் நடுவில் மட்டும் தரையைத் தொட்டு வண்டி மிதக்கும். பின்னால் ஆக்ஸிலை ஸ்பிரிங்கோடு கட்டும் யூ-போல்ட்டுகளையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். பின் ஆக்ஸில் நகர்ந்தாலும் முன்னால்தான் கோளாறு என்று தோன்றும்.

ஸ்டீயரிங் டேம்பரை (ஸ்டீயரிங் அதிர்வை அடக்கும் ஷாக்) மாற்றச் சொல்பவர்களை நம்ப வேண்டாம், அது நோயை மறைக்கும், அவ்வளவுதான். பாக்ஸின் மேல் இருக்கும் அட்ஜஸ்ட்மெண்ட் திருகுக்கு எல்லாம் முடிந்த பிறகுதான் வேலை. லாக் நட்டைத் தளர்த்தி, கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, லாக் நட்டை மறுபடி இறுக்கி, ஓட்டிப் பாருங்கள். நடுவில் இறுகி, வளைவு முடிந்தும் ஸ்டீயரிங் திரும்பி வரவில்லை என்றால் அளவு மீறிவிட்டது. உடனே பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.