தலைகீழாப் போட்டு ஏன்க்கா பெருக்கணும்?

வாசகர் கேள்விகள்
பதில்: மதுரையில் கணிதப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்

கேள்வி: ஐயா, நான் பி.எஸ்சி. கணிதம் மூன்றாம் ஆண்டு. காலை ஐந்து மணிக்கு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மாமாவின் கமிஷன் கடையில் சிட்டை எழுதப் போய்விடுவேன். மாதம் 4,000 ரூபாய். எட்டரைக்கு அங்கிருந்தே காலேஜ் பஸ். சாயங்காலம் வீட்டுத் திண்ணையில் பதினோரு பிள்ளைகளுக்கு டியூஷன், ஆளுக்கு 300. போன மாதம் ஏழாவது படிக்கிற பயல் ஒருவன், பின்ன வகுத்தலில் "தலைகீழாப் போட்டு ஏன்க்கா பெருக்கணும்?" என்று கேட்டான். பூவை வைத்து ஒருவழியாகச் சொன்னேன். "அப்ப சைபரைத் தலைகீழாப் போட்டா?" என்றான். "அதெல்லாம் கூடாது, எழுதுடா" என்று அதட்டிவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. குரூப் தியரி நோட்டை எடுத்துப் பார்த்தால், அவன் கேட்டது அதில் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. அதைத்தான் மனப்பாடம் செய்து எழுதி 68 மார்க் வாங்கியிருக்கிறேன்! அன்றிலிருந்து நல்ல இடத்தில் எம்.எஸ்சி. படிக்க வேண்டும், முடிந்தால் ஆராய்ச்சிக்குப் போக வேண்டும் என்று ஒரே நினைப்பு. வீட்டில் "நல்லாத்தான் சொல்லிக்குடுக்குற, பி.எட். போதும்" என்கிறார்கள். நாலாவது செமஸ்டரில் மார்க்கும் இறங்கிவிட்டது. கடையையும் டியூஷனையும் விட்டுவிடவா? இல்லை, பிள்ளைகள் "அக்கா அக்கா" என்று சுற்றி வருவதில் வந்த மண்டைக்கனமா இந்த ஆசை?
(பெயர் வேண்டாம், ஒத்தக்கடை)

பதில்: என்னிடம் படித்தவர்களின் பிள்ளைகள் வயது உனக்கு. நீ என்றே எழுதுகிறேன். மண்டைக்கனம் பிடித்தவர்களுக்கு ராத்திரி நன்றாகத் தூக்கம் வரும், அதனால் அந்தச் சந்தேகத்தை விட்டுவிடு.

முதலில் அந்தப் பயலுக்குப் பதில். அவனைக் காக்க வைத்துவிட்டு நாம் இரண்டு பேரும் எம்.எஸ்சி. பற்றிப் பேசுவது நியாயமில்லை. ஆறு முழம் பூ இருக்கிறது, ஆளுக்கு முக்கால் முழம் என்றால் எத்தனை பேருக்கு வரும்? முழத்துக்கு நாலு கால் முழம், ஆறு முழத்துக்கு இருபத்துநாலு. ஓர் ஆளுக்கு அதில் மூன்று போகிறது. எட்டுப் பேர். நாலால் பெருக்கினோம், மூன்றால் வகுத்தோம். முக்காலைத் தலைகீழாகப் போட்டால் மேலே நாலு, கீழே மூன்று. அவ்வளவுதான் சங்கதி. இப்போது ஆளுக்குச் சைபர் முழம் கொடுக்கச் சொல். ஊரே வந்து வாங்கிப் போனாலும் கூடையில் ஒரு மொட்டு குறையாது. ஆறு முழமும் தீர எத்தனை பேர் வேண்டும் என்றால், அப்படி ஓர் எண்ணே இல்லை. உன் நோட்டுப் பாஷையில், சைபரை எதனால் பெருக்கினாலும் ஒன்று வராது, ஆகவே அதற்கு இன்வெர்ஸ், அதாவது பெருக்கினால் ஒன்று தருகிற எண், கிடையாது. இதை அவனுக்குச் சொல். "அன்னைக்கு அதட்டுனது தப்புடா" என்பதையும் சேர்த்துச் சொல்.

எனக்கு இந்தப் பைத்தியம் தொற்றியது கீழமாசி வீதியில். 1974இல் பி.யூ.சி. (பள்ளி முடித்து டிகிரிக்கு முன்னால் காலேஜில் ஒரு வருஷம்) படித்தபோது, சாயங்காலம் ஒரு பலசரக்கு மொத்தக் கடையில் கணக்கு எழுதப் போனேன். கால்குலேட்டர் எல்லாம் கிடையாது. அங்கே ஒரு பெரிய கணக்குப்பிள்ளை இருந்தார், படிப்பு ஐந்தாம் வகுப்புதான். சிட்டையும் பேரேடும் ஒத்து வராமல் யாரையும் வீட்டுக்கு விட மாட்டார். ஒருநாள் ராத்திரி 27 ரூபாய் உதைத்தது. இரண்டு தடவை கூட்டிப் பார்த்தோம். கூட்டல் சரி. அவர் பாக்கைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு, "வித்தியாசம் ஒம்பதுல போகுதா? போகுது. அப்ப எவனோ எண்ணை எடம் மாத்திப் போட்டுருக்கான். கூட்டுனது போதும், பேர்த்து எழுதுனதைப் பாருங்க" என்றார். பத்து நிமிஷத்தில் அகப்பட்டது. துவரம் பருப்புப் பற்றில் 63 என்பதை 36 என்று எழுதியிருந்தது நான்தான்.

திட்டு வாங்கியது மறந்துபோனது, ஒன்பது மறக்கவில்லை. "ஏன் ஒம்பது?" என்று கேட்டேன். "அது அப்படித்தான்" என்றார். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் டிக்கெட்டின் பின்பக்கம் போட்டுப் பார்த்தேன். பத்து மடங்கு ஆறும் ஒரு மூன்றும் 63. இடம் மாற்றினால் பத்து மடங்கு மூன்றும் ஓர் ஆறும். கழித்தால் ஆறுக்கும் மூன்றுக்கும் உள்ள வித்தியாசத்தின் ஒன்பது மடங்கு. எந்த இரண்டு இலக்கத்தைப் போட்டாலும் இதே கதைதான். அப்புறம்தான் வினை. மூன்று இலக்கம் இடம் மாறினால்? பத்து பத்தாக எண்ணாமல் பன்னிரண்டு பன்னிரண்டாக எண்ணுகிற ஊரில் கணக்குப்பிள்ளை எந்த எண்ணைத் தேடுவார்? அதற்கு டிக்கெட்டில் இடமில்லை. பி.எஸ்சி.க்குக் கணக்கு எடுத்தது அதற்காகத்தான், வீட்டில் வேறு காரணம் சொன்னேன். 1978இல், மதுரைப் பல்கலைக்கழகத்துக்குக் காமராசர் பெயர் வந்த அதே வருஷம், அங்கே எம்.எஸ்சி. சேர்ந்தேன். எண் கோட்பாட்டு வகுப்பில் முதல் வாரம் கரும்பலகையில் பார்த்தது எங்கள் கணக்குப்பிள்ளையின் ஒன்பதைத்தான். (பன்னிரண்டு ஊரில் பதினொன்றைத் தேட வேண்டும். ஏனென்று நீயே போட்டுப் பார்.)

ஆகவே, ஆசை நிஜம்தான். ஆனால் டியூஷன் ஒரு விதத்தில் ஆளை ஏமாற்றும், அதையும் நான் பட்டிருக்கிறேன். பி.எஸ்சி. படிக்கும்போது செல்லூரில் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். தெருவே என்னைக் "கணக்கு வாத்தியார்" என்றது. பத்தாம் வகுப்புக் கணக்கை நூறு தடவை போட்டுக் காட்டியதில் கணக்கே கைவந்துவிட்டதாக ஒரு நினைப்பு. எம்.எஸ்சி.யில் ரியல் அனாலிசிஸ் முதல் டெஸ்ட்டில் 31 மார்க். இரண்டு வருஷமாகத் தெரிந்ததையே திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறேன், தெரியாத ஒன்றோடு ஒரு மணி நேரம் முட்டிக்கொண்டு உட்கார்ந்ததில்லை. உனக்கு மார்க் இறங்கியதற்கும் பாதிக் காரணம் இதுவாக இருக்கும். மீதிப் பாதி, தூக்கம்.

எதை விடுவது? கடையை விடு. டியூஷனைக் குறை. காலை ஐந்திலிருந்து எட்டரை வரை மூளை தெளிவாக இருக்கிற நேரம், அதைத்தான் 4,000 ரூபாய்க்கு விற்றுக்கொண்டிருக்கிறாய். சிட்டை உனக்குச் சொல்லித்தர வேண்டியதைச் சொல்லித் தந்தாயிற்று. மாமா கோபித்துக்கொண்டால், முகூர்த்தத்துக்கு முதல் நாள் மட்டும் வந்து நிற்கிறேன் என்று சொல். பதினோரு பிள்ளைகளை ஆறாக்கு, வாரம் மூன்று நாள் போதும். அந்த ஏழாவது பயலை மட்டும் விட்டுவிடாதே.

அந்த 4,000 இல்லாமல் அடுப்பு எரியாது என்றால் கதை வேறு. அப்போது கடையை வைத்துக்கொண்டு டியூஷனை விடத்தான் வேண்டும், மனசு கேட்காவிட்டாலும். ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உனக்கு வந்துகொண்டிருக்க வேண்டும். வரவில்லையென்றால் நாளைக்கே காலேஜ் ஆபீஸில் கேள்.

"ராமானுஜன் வேலை பார்த்துக்கொண்டே கணக்குப் போடவில்லையா" என்று உன்னிடம் யாராவது கட்டாயம் சொல்வார்கள். போட்டார்தான். சென்னைத் துறைமுகத்தில் 1912இல் மாதம் 30 ரூபாய்க்கு கிளார்க்காகச் சேர்ந்தார். மறுவருஷமே சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. உடனே முழுநேரமும் கணக்கில் உட்கார்ந்துவிட்டார். இந்த இரண்டாவது பாதியை மட்டும் யாரும் சொல்வதில்லை!

பி.எட்.டா எம்.எஸ்சி.யா என்பதற்கு நான் பிள்ளைகளிடம் சொல்லிவந்த ஒரு வழி உண்டு. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கு. திண்ணையில் உனக்குப் பதில் வராத கேள்வியை எல்லாம் அன்றன்றைக்கு எழுதி வை. இரண்டு மாதம் கழித்துப் புரட்டிப் பார். "இதை எப்படிச் சொன்னால் இவனுக்கு ஏறும்" என்பதாகவே இருந்தால் பி.எட். உனக்கு ஏற்ற படிப்பு, அதில் ஒரு குறைச்சலும் இல்லை. "இது ஏன் இப்படி இருக்கிறது" என்று நிறைந்திருந்தால் எம்.எஸ்சி. உன் கடிதத்தைப் பார்த்தால் எனக்கு இரண்டாவதுதான் தெரிகிறது. பி.எட். இரண்டு வருஷப் படிப்பு, அதை எம்.எஸ்சி. முடித்துவிட்டும் படிக்கலாம் என்று வீட்டில் சொல்.

ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி.க்கு ஜாம் என்ற தேர்வு. பிப்ரவரியில் நடக்கும், அதற்கு முந்தைய செப்டம்பர், அக்டோபரிலேயே விண்ணப்பித்துவிட வேண்டும். மூன்று மணி நேரம், 60 கேள்வி, 100 மார்க், ஆங்கிலத்தில் மட்டும். கேட்பதெல்லாம் உன் பி.எஸ்சி. பாடம்தான்: அனாலிசிஸ், லீனியர் அல்ஜீப்ரா, குரூப் தியரி, கால்குலஸ். ஆனால் மனப்பாடத்துக்கு அங்கே வேலையில்லை. சிறுசேரியில் இருக்கும் சென்னை கணிதவியல் கழகத்துக்குத் தனி நுழைவுத் தேர்வு. பி.எஸ்சி. பிள்ளைகளுக்கென்று 1993 முதல் எம்.டி.டி.எஸ். என்று ஒரு கோடைக்காலப் பயிற்சி நடக்கிறது, அதைப் பற்றி உங்கள் துறைத் தலைவரிடம் விசாரி. படிக்க இடமா? புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது, உனக்கு மாட்டுத்தாவணியிலிருந்து பக்கம்தான்.

கேள்வி: பிளஸ் டூ முடித்து, வீட்டுச் சூழ்நிலையால் மேலே படிக்கவில்லை. இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருந்தேன், மாதம் 1,000 ரூபாய். எழுத்துக் கூட்டத் தெரியாமல் வந்த ஒரு மூன்றாம் வகுப்புப் பாப்பா, நாலு மாதத்தில் பஸ் போர்டை வாசித்துக் காட்டினாள். அதிலிருந்து டீச்சராகணும் என்று ஆசை. வயது 24. தாமதமாகிவிட்டதா?
(வாசகி, உசிலம்பட்டி பக்கம்)

பதில்: பஸ் போர்டை வாசிக்க வைத்தவருக்குப் பாதி டிரெய்னிங் முடிந்த மாதிரிதான், ஆனால் அரசாங்கம் மீதிப் பாதியைத்தான் கேட்கும். ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரைதான் உங்கள் மனசு என்றால் டிகிரி, பி.எட். என்று சுற்ற வேண்டாம். பிளஸ் டூவுக்குப் பிறகு இரண்டு வருஷத் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பு போதும். மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனம் டி.கல்லுப்பட்டியில் இருக்கிறது. வயது வரம்பையும் மார்க் வரம்பையும் நேரில் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள், அடுத்த வருஷம் என்று தள்ளாதீர்கள். படித்ததும் டெட், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வு, முதல் தாள். அதைப் பாஸ் செய்துவிட்டால் மட்டும் அரசு வேலை வந்துவிடாது, மேலே ஒரு போட்டித் தேர்வும் உண்டு. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு என்னைத் திட்டக் கூடாது.

கேள்வி: மகன் பிளஸ் டூ முடித்துவிட்டு ஒரு டூவீலர் பட்டறையில் வேலைக்குப் போகிறான். கைநிறையக் கிரீஸும் கொஞ்சம் காசும். "படிப்பெல்லாம் வேணாம்மா" என்கிறான். ஒரே பையன்.
(ஒரு தாய், மேலூர்)

பதில்: காலேஜ் பேச்சையே எடுக்காதீர்கள், அம்மா. ஒருநாள் சாப்பாடு கொண்டுபோகிற சாக்கில் பட்டறையில் பத்து நிமிஷம் நின்று பாருங்கள். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 என்ற வண்டிப் புகைக் கட்டுப்பாடு வந்த பிறகு புது வண்டிகள் பெரும்பாலும் கார்புரேட்டரை விட்டுவிட்டன, உள்ளே எல்லாம் சென்சார். ஸ்பேனரை வைத்து மட்டும் பழுது கண்டுபிடிக்க முடியாது. "சென்சார் கோளாறுன்னா யாருப்பா பாக்குறது?" என்று மகனிடம் கேளுங்கள். "அதுக்கு மதுரைல இருந்து ஆள் வரணும்" என்று முகத்தைச் சுருக்கிக்கொண்டு சொன்னால், படிப்பு வேண்டாம் என்று அவன் சொல்வதை நான் நம்ப மாட்டேன். கே.புதூர் அரசு ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் பிரிவை விசாரியுங்கள். இரண்டு வருஷ ஐ.டி.ஐ. முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம், டிப்ளமோ முடித்தால் பி.இ.யிலும் அதே மாதிரி. ஆனால் இந்தக் கடைசி வரியை இப்போது அவனிடம் வாசித்துக் காட்ட வேண்டாம்.

கேள்வி: பக்கத்து வீட்டுப் பையனுக்கு டியூஷன் எடுக்கிறேன். காசு கேட்கக் கூச்சம். அவர்களும் முருங்கைக்கீரையும் கொழுக்கட்டையுமாகக் கொடுத்தே மாதத்தை ஓட்டிவிடுகிறார்கள். என்ன செய்ய?
(பி.காம். மாணவர், வில்லாபுரம்)

பதில்: 1976இல் எனக்கு மாதம் 15 ரூபாய் பேச்சு. நாலாவது மாதம் காசுக்குப் பதில் தறியிலிருந்து ஒரு துண்டு வந்தது. வாங்கிக்கொண்டேன். அடுத்த மாதமும் துண்டு வந்தபோது பரீட்சைக் கட்டணம் கட்டப் பணமில்லாமல் முழித்தேன். தொகையைப் பையனிடம் சொல்லி அனுப்பாமல், அவன் அம்மாவிடம் நேரில் சொல்லுங்கள், "அத்தை, அடுத்த மாசம் ஃபீஸ் கட்டணும்" என்று. கீரை வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், கணக்கில் சேர்க்காதீர்கள்.