ஓரா முள்ளும் நான்கு மாதக் கட்டியும்

டாக்டர் பதில்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும்போதுதான் எங்கள் பக்கத்து மக்களுக்குத் தங்கள் உடம்பைத் திரும்பிப் பார்க்க நேரம் கிடைக்கிறது. என் மேசையில் கடிதங்கள் குவிவதும் அப்போதுதான். இந்த முறை வந்தவற்றில் பாதி, கையையும் காலையும் பற்றியவை.

கேள்வி: நான் மீன் வாங்கி விற்பவள். ஐந்து மாதத்துக்கு முன் ஓரா மீன் ஆயும்போது வலது ஆள்காட்டி விரலில் முள் குத்தியது. அன்றைக்குக் கடுத்தது, பிறகு மறந்துவிட்டேன். ஒரு மாதம் கழித்து அதே இடத்தில் துவரம்பருப்பு அளவில் ஒரு கட்டி வந்தது. இப்போது புறங்கையில் ஒன்று, முழங்கைக்குக் கீழே ஒன்று என மேலே ஏறுகிறது. வலியோ காய்ச்சலோ இல்லை. இரண்டு முறை ஐந்து நாள் மாத்திரை சாப்பிட்டேன், களிம்பும் தடவினேன், கேட்கவில்லை. கையில் ஊசி போட்டுத் தடிப்பை அளந்து பார்த்துவிட்டு டி.பி.யாக இருக்கலாம் என்கிறார்கள். வீட்டில் எனக்குத் தனித் தட்டு வைத்துவிட்டார்கள். இது என்ன நோய் டாக்டரம்மா?
— மீன் வியாபாரி, பாம்பன்

பதில்: முதலில் அந்தத் தனித் தட்டை அலமாரியில் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் படித்ததும் எனக்குத் தோன்றுகிற நோய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது.

மைக்கோபாக்டீரியம் மரினம் என்று ஒரு கிருமி உண்டு. காசநோய்க் கிருமிக்குப் பங்காளி. 1926இல் அமெரிக்காவின் பிலடெல்ஃபியா மீன் காட்சியகத்தில் செத்த மீன்களில்தான் இதை முதலில் கண்டுபிடித்தார்கள். மீனுக்கு நோய் தருவது, முள் குத்திய துளை வழியே நம் தோலுக்குள்ளும் நுழைந்துவிடும். இதற்கு ஒரு விசித்திரக் குணம் உண்டு. நன்றாக வளர இதற்கு 30 டிகிரி வெப்பம் போதும், உடம்புக்குள் இருக்கும் 37 டிகிரிச் சூடு இதற்கு ஒத்துக்கொள்ளாது. ஆகவே எதிர்ப்புச் சக்தி சரியாக இருப்பவர்களுக்கு இது நுரையீரல் பக்கம் போகாமல், குளிர்ச்சியான விரலிலும் புறங்கையிலுமே குடியிருக்கும். முள் குத்தி இரண்டு முதல் நான்கு வாரம் கழித்து, சில சமயம் பல மாதம் கழித்துக்கூட, கட்டி தெரியும். பிறகு நிணநீர்க் குழாய் வழியாக வரிசையாக மேலேறும். பங்காளி என்பதால் டி.பி.க்குப் போடும் தோல் ஊசியிலும் தடிப்புக் காட்டும். அந்தத் தடிப்பை வைத்தே உங்களை டி.பி. என்று சொல்லிவிட முடியாது.

உங்களுக்கு இப்படி எழுதுவதற்கு எனக்கு ஒரு கூச்சம் உண்டு. நான் வேலையில் சேர்ந்த புதிதில் கடற்பாசி எடுக்கும் ஒரு அக்கா இதேபோன்ற கட்டியோடு வந்தார். விரல்களில் பழைய துணியைச் சுற்றி மேலே நூல் கட்டிய கையோடு, கடலிலிருந்து நேராக வந்திருந்தார். கட்டியைக் கீறினேன், சீழ் வரவில்லை. அடுத்த முறை, தழும்பு தடித்திருக்கிறது என்று முடிவு செய்து ஸ்டீராய்டு ஊசி போட்டேன். அது இன்னும் பெருத்தது. மூன்றாவது முறை சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினேன். "கிருமி வளரவில்லை" என்று முடிவு வந்தது. ஆய்வகத்தில் வழக்கம்போல 37 டிகிரியில் வைத்திருந்தார்கள். 30 டிகிரியிலும் வைத்துப் பாருங்கள் என்று நான்தான் எழுதவில்லை. எழுதத் தெரிந்திருக்க வேண்டுமானால், "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று அவரை நான் கேட்டிருக்க வேண்டும். மரிக்கொழுந்துப் பாசிக்காகப் பாறையிடுக்கில் நாள் முழுக்க விரலை விடுகிறவர் அவர். கண்ணெதிரே துணி சுற்றிய விரல்கள் இருந்தன. நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அதில் அவருக்கு எட்டு மாதம் வீணானது.

கடிதத்தை வைத்து நோயை முடிவு செய்ய முடியாது. தோலில் வரும் உண்மையான காசநோயும் உண்டு, பூஞ்சைக் கட்டியும் இப்படி வரிசையாக ஏறும். ஆகவே தோல் மருத்துவரிடம் போய்ச் சதைப் பரிசோதனை கேளுங்கள். சீட்டில் "மீன் முள் குத்திய காயம், 30 டிகிரியிலும் வளர்த்துப் பார்க்கவும்" என்ற வரி இருக்கட்டும். இந்த நோய்தான் என்று உறுதியானால் கிளாரித்ரோமைசின், எத்தாம்பியூட்டால் போன்ற மருந்துகளை மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும். கட்டி மறைந்த பிறகும் ஒன்றிரண்டு மாதம் தொடரச் சொல்வார்கள். நடுவில் நிறுத்தினால் கதை முதலிலிருந்து தொடங்கும். ஸ்டீராய்டு கலந்த களிம்பு என்றால் இன்றே தூர வையுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். முள் குத்தி ஒரு வாரத்துக்குள்ளேயே விரல் ஊதா கலந்த சிவப்பில் வீங்கி எரிந்தால், சீழும் இல்லையென்றால், அது எரிசிபிலோத்ரிக்ஸ் என்ற வேறு கிருமியாக இருக்கும். மீன் ஆய்பவர்களுக்கும் கசாப்புக் கடைக்காரர்களுக்கும் வருவது. பென்சிலினுக்கு உடனே அடங்கிவிடும்.

கேள்வி: சூரை மீன் குழம்பு சாப்பிட்ட அரை மணி நேரத்தில் எனக்கும் என் மகனுக்கும் முகம் சிவந்து, தலை கனத்து, உடம்பெல்லாம் தடித்துவிட்டது. இனி மீனே சாப்பிடக்கூடாது, அலர்ஜி என்கிறார்கள். பிறந்ததிலிருந்து மீன் தின்று வளர்ந்த எனக்கு ஐம்பது வயதில் எங்கிருந்து வந்தது இந்த அலர்ஜி?
— ஆசிரியர், கீழக்கரை

பதில்: அலர்ஜி ஒரே பந்தியில் இரண்டு பேருக்குச் சேர்ந்து வருவது அபூர்வம். அதனால் எனக்குச் சந்தேகம் உங்கள் உடம்பின் மேல் இல்லை, அந்த மீனுக்குக் கிடைக்காத ஐஸின் மேல்தான். சூரை, அயலை, மத்தி போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற பொருள் நிறைய இருக்கிறது. பிடித்த மீன் வெயிலில் கிடந்தால் பாக்டீரியா அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அலர்ஜியின்போது நம் உடம்பே சுரக்கும் பொருளும் அதே ஹிஸ்டமின்தான், ஆகவே இரண்டும் பார்க்க ஒன்றுபோல் இருக்கும். மீன் கெட்ட வாடை அடிக்க வேண்டும் என்பதில்லை. நாக்கில் மிளகுபோல் ஒரு சுறுசுறுப்பு தெரியலாம், நம் குழம்புக் காரத்தில் அது எங்கே தெரியப்போகிறது? உருவான ஹிஸ்டமின் கொதித்தாலும் பொரித்தாலும் போகாது, பிறகு ஐஸில் வைத்தாலும் போகாது. பெரும்பாலும் ஒரு நாளுக்குள் தானே அடங்கும், செட்ரிசின் போன்ற மாத்திரை கேட்கும். மூச்சு முட்டினாலோ மயக்கம் வந்தாலோ மட்டும் யோசிக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

வீட்டில் காசநோய்க்கு ஐசோனியாசிட் சாப்பிடுகிறவர் இருந்தால் இத்தகைய மீனை அவருக்கு வைக்காதீர்கள். ஹிஸ்டமினைக் கரைக்கும் வேலையை அந்த மருந்து தடுத்துவிடுவதால் அவருக்குப் பாதிப்பு கடுமையாக இருக்கும்.

கேள்வி: என் வீட்டுக்காரருக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. குடியும் உண்டு. குதிகாலில் வெடிப்பு புண்ணாகிவிட்டது. உப்புத் தண்ணீர் பட்டால் தானாக ஆறும் என்று கரைவலை இழுக்க இறங்கிவிடுகிறார். சொன்னால் கேட்பதில்லை. நீங்கள் எழுதினால் கேட்பார்.
— தொண்டி

பதில்: அப்படியென்றால் இதை அவருக்கே எழுதுகிறேன். அண்ணே, வீட்டில் உப்புப் போட்டுக் காய்ச்சிய தண்ணீர் வேறு, கடல் தண்ணீர் வேறு. கடலுக்கென்று சொந்தக் கிருமிகள் உண்டு. அதில் ஒன்று விப்ரியோ வல்னிஃபிகஸ், காலராக் கிருமியின் இனம். வெதுவெதுப்பான கடலோர நீரிலும் கழிமுகத்திலும் வாழும். நல்ல கல்லீரல் உள்ளவர்களை இது பெரும்பாலும் விட்டுவிடும். கல்லீரல் கெட்டவர்களையும் சர்க்கரை உள்ளவர்களையும் தேடிப் பிடித்ததுபோல் பிடிக்கும். அபூர்வமான நோய்தான், ஆனால் வந்தால் ஐந்தில் ஒருவர் இறக்கிறார், சிலர் ஒன்றிரண்டு நாளுக்குள்ளேயே. மட்டியைப் பச்சையாகத் தின்று இந்த நோயை வாங்கிக்கொள்கிற நாடுகள் உண்டு. நம் ஊரில் அந்தப் பழக்கம் இல்லை. நமக்குப் புண்தான் வாசல், அந்த வாசலை நீங்கள் திறந்து வைத்துக்கொண்டு கடலில் நிற்கிறீர்கள்.

அம்மா, நீங்கள் செய்ய வேண்டியது இது. அவர் கடலுக்குப் போய் வந்த நாளில் புண்ணைச் சுற்றிச் சிவந்தால், சிவப்பின் ஓரத்தில் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். பக்கத்தில் மணியையும் எழுதுங்கள். ஒரு மணி நேரத்தில் சிவப்பு கோட்டைத் தாண்டினாலோ, கருநீலக் கொப்புளம் வந்தாலோ, குளிர்காய்ச்சல் கண்டாலோ 108ஐக் கூப்பிடுங்கள், விடியட்டும் என்று இருக்காதீர்கள். வலி இல்லையே என்று அவர் சொல்வார். பல வருடச் சர்க்கரையில் பாதம் மரத்துப்போயிருக்கலாம், வலி இல்லாததை நம்பாதீர்கள். மருத்துவமனையில் நுழைந்ததும் "சர்க்கரை, குடி, காலில் புண், கடலில் இறங்கினார்" என்று இந்த நான்கையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். இதற்குரிய மருந்தைத் தொடக்கத்திலேயே கொடுக்க வேண்டும், கெட்டுப்போன சதையை உடனே வெட்டி எடுக்கவும் நேரலாம். புண் மூடும்வரை அவர் வலையைக் கரையில் உட்கார்ந்து பின்னட்டும்.

கேள்வி: கடல் பாம்புக்கு வாய் சின்னது, கடித்தாலும் ஒன்றும் ஆகாது என்கிறார்கள். உண்மையா?
— நாட்டுப்படகுத் தொழிலாளி, தேவிபட்டினம்

பதில்: பாதி உண்மை. பல கடிகளில் விஷம் இறங்குவதில்லை. இறங்கினால் நாகப்பாம்பு விஷத்துக்குக் குறைந்ததல்ல. கடித்த இடம் வலிக்காது, வீங்காது. வலையிலிருந்து மீனைப் பிரிக்கும்போது முள் பட்டது என்றே பலர் நினைத்துவிடுகிறார்கள். அரை மணி முதல் சில மணி நேரத்துக்குள் உடம்பெல்லாம் அடித்துப்போட்டதுபோல் வலிக்கும், நாக்கு தடிக்கும், இமை தொங்கும். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் தசை கரைந்து சிறுநீரகத்துக்குப் போகிறது என்று பொருள். நம் மருத்துவமனைகளில் உள்ள விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கானது, கடல் பாம்புக்கு அல்ல. ஆகவே செயற்கைச் சுவாசமும் டயாலிசிஸும் உள்ள பெரிய மருத்துவமனைக்கே போக வேண்டும். கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள். கையையோ காலையோ அசையாமல் வைத்துக்கொண்டு படகைத் திருப்புங்கள். வால் துடுப்புபோல் தட்டையாக இருந்ததா என்று பார்த்து வைத்தால் போதும், பாம்பைப் பிடித்துக்கொண்டு வர வேண்டாம். ஒருவர் பிளாஸ்டிக் வாளியில் உயிரோடு கொண்டுவந்து என் மேசையில் வைத்தார்.

கேள்வி: கண்ணின் வெள்ளையில் மூக்கோரமாகச் சதை வளர்கிறது. புரையா?
— மண்டபம்

பதில்: புரை கண்ணுக்குள் வருவது, இது மேலே படர்வது. வெயிலும் தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் ஒளியும் காற்றும் சேர்ந்து தருவது. அகல விளிம்புத் தொப்பியும் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கறுப்புக் கண்ணாடியும் போடுங்கள். கருவிழியின் நடுவை நோக்கி நகர்ந்தால் சிறு அறுவை சிகிச்சை தேவைப்படும். நந்தியாவட்டைப் பூச் சாறு விடலாமா என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். பூ செடியிலேயே இருக்கட்டும்.