நகரச் சூடுதானா? கடலைப் பாருங்கள்

"பூமி சூடாகவில்லை; வெப்பமானிகள் எல்லாம் நகரத்தில் இருக்கின்றன, அளப்பது கான்கிரீட் சூட்டைத்தான்" என்று உங்கள் மாமா சொல்வதாக எழுதியிருந்தீர்கள். நகரம் கூடுதலாகச் சூடாகும் என்பது சரிதான், அதை மறுக்க வேண்டாம். ஆனால் நடுக்கடலில் கான்கிரீட் ஏது? அங்கே ஆர்கோ எனப்படும் தானியங்கி அளவீட்டு மிதவைகள் ஏறத்தாழ 4,000 இருக்கின்றன. பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் ஆழம்வரை இறங்கி, ஏறி வரும்போது வெப்பநிலையை அளந்து செயற்கைக்கோளுக்கு அனுப்புகின்றன. பூமியில் சேரும் கூடுதல் வெப்பத்தில் ஏறத்தாழ 90 சதவீதம் கடலுக்குள்தான் போகிறது. சூடான நீர் விரியும், நிலத்துப் பனியும் உருகிச் சேரும். 1993 முதல் கடல்மட்டம் சுமார் 10 செ.மீ. ஏறியிருக்கிறது. என் கணக்கில் இதுதான் வலுவான சான்று. அப்புறம் அவர் "சூரியன்தான் காரணம்" என்றால், இரண்டு அடுக்கும் சூடாகியிருக்க வேண்டுமே, கீழ்க்காற்று சூடாகும்போது அதற்கு மேலே உள்ள ஸ்ட்ராட்டோஸ்பியர் என்ற காற்றடுக்கு ஏன் குளிர்ந்திருக்கிறது என்று கேளுங்கள்.