ஐபி மாறினால் ஊர் மாறுமா? – வாசகர் கேள்வி பதில்

வெளிநாட்டில் இருந்துகொண்டு தாய்நாட்டு இணையச் சேவைகளைப் பயன்படுத்துவது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில். ஒரே சங்கடத்தைப் பலர் எழுதியிருந்தால் ஒரே கேள்வியாகச் சேர்த்துவிட்டோம். விபிஎன் என்பது உங்கள் இணையப் போக்குவரத்தை வேறோர் இடத்துச் சர்வர் வழியாகச் சுற்றி அனுப்பும் சேவை. ஐபி முகவரி என்பது இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் எண்.

கேள்வி: காசு கொடுத்துத்தான் விபிஎன் வாங்கினேன். தாய்நாட்டு சர்வரில் இணைத்த பிறகும் ஒளிபரப்புத் தளம் "இந்தச் சேவை உங்கள் நாட்டில் இல்லை" என்கிறது. கோளாறு விபிஎன்னிலா, தளத்திலா?

பதில்: இரண்டிலும் இல்லாமல் இருக்கலாம். விபிஎன் மாற்றித் தருவது உங்கள் ஐபி முகவரியை மட்டுமே. நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று கண்டுபிடிக்கத் தளத்துக்கு இன்னும் நாலைந்து வழிகள் உண்டு. எது காட்டிக்கொடுக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால்தான் தெரியும்.

விபிஎன்னை இணைத்துவிட்டு, ஐபி முகவரி காட்டும் தளம் ஒன்றைத் திறங்கள். பழைய வகையான ஐபிவி4 முகவரி தாய்நாட்டையும் புது வகையான ஐபிவி6 முகவரி நீங்கள் இருக்கும் நாட்டையும் காட்டினால், ஆள் அகப்பட்டுவிட்டான். உங்கள் விபிஎன் ஐபிவி4-ஐ மட்டும் தன் மூடிய பாதையான சுரங்கத்துக்குள் அனுப்புகிறது. ஐபிவி6 வழக்கமான பாதையிலேயே வெளியே போகிறது. செயலியில் ஐபிவி6 கசிவுத் தடுப்பு இருந்தால் அதைப் போடுங்கள். இல்லாவிட்டால் கணினியின் நெட்வொர்க் அமைப்பில் ஐபிவி6-ஐ அணைத்துவிடுங்கள்.

அடுத்தது டிஎன்எஸ். தளத்தின் பெயரை எண்ணாக மாற்றும் இந்த வேலையை, நீங்கள் இருக்கும் நாட்டின் இணைய நிறுவனமே இன்னும் செய்துகொண்டிருக்கலாம். டிஎன்எஸ் கசிவுச் சோதனை செய்யும் தளங்கள் இதைச் சொல்லிவிடும். அங்கே உள்ளூர் நிறுவனத்தின் பெயர் வந்தால், விபிஎன் தரும் டிஎன்எஸ்ஸை மட்டும் பயன்படுத்துமாறு மாற்றுங்கள். சில டிவி பெட்டிகளில் டிஎன்எஸ் முகவரி உள்ளேயே எழுதப்பட்டிருக்கும். அவற்றுக்கு ரவுட்டரில்தான் வைத்தியம்.

பிரௌசரில் பழைய குக்கிகளை (தளங்கள் உங்களைப் பற்றி விட்டுவைக்கும் சிறு குறிப்புகள்) அழியுங்கள். இருப்பிடம் பார்க்கும் அனுமதியையும் எடுத்துவிடுங்கள். பிரௌசர் இருப்பிடத்தைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் அக்கம்பக்கத்து வைஃபைகளின் அடையாளங்களை வைத்து. அதில் விபிஎன்னுக்கு எந்த வேலையும் இல்லை. கைபேசியில் ஜிபிஎஸ்ஸும் சேர்ந்துகொள்ளும். ஆண்ட்ராய்டில் சிம் எந்த நாட்டுடையது, இப்போது எந்த நாட்டு நெட்வொர்க்கில் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள ஒரு செயலிக்கு உங்கள் அனுமதிகூட வேண்டியதில்லை. கணினியில் ஓடுவது கைபேசியில் ஓடாமல் போவதற்கு இதுவே பல சமயம் காரணம்.

எல்லாம் சுத்தமாக இருந்தும் கதவு திறக்கவில்லை என்றால், ஐபி முகவரியே சந்தேகப் பட்டியலில் இருக்கிறது. வாடகை விபிஎன்களின் முகவரிகள் பெரும்பாலும் டேட்டா சென்டர்களுக்குச் சொந்தமானவை, எந்த முகவரித் தொகுதி யாருடையது என்பதோ பொதுத் தகவல். வீட்டில் உட்கார்ந்து படம் பார்ப்பவர் டேட்டா சென்டரிலிருந்து ஏன் வருகிறார் என்று தளம் கேட்கத்தானே செய்யும்? போதாததற்கு ஒரே முகவரியிலிருந்து நூற்றுக்கணக்கான கணக்குகள் வேறு. சர்வரை மாற்றி மாற்றிப் பார்க்கலாம். இன்று ஓடுவது அடுத்த வாரம் நிற்கும். நிலையாக வேண்டுமென்றால், வீட்டு இணைப்பின் வழியாகவே வெளியேறும் வழியைத்தான் யோசிக்க வேண்டும். அதற்கான கேள்வி கீழே வருகிறது.

கேள்வி: விபிஎன் போட்டும் ஆப் ஸ்டோரில் தாய்நாட்டுச் செயலி கண்ணிலேயே படவில்லையே?

பதில்: ஸ்டோர் பார்ப்பது உங்கள் கணக்கில் பதிவான நாட்டை. கூகுள் பிளேயில் அதை ஆண்டுக்கு ஒரு முறைதான் மாற்றலாம். ஆப்பிளில் மாற்றுவதற்கு முன் சந்தாக்களை ரத்துசெய்து, கணக்கில் மிச்சமுள்ள தொகையைத் தீர்க்க வேண்டும். கிளம்பும் முன்பே தேவையான செயலிகளை நிறுவிக்கொள்வது எல்லாவற்றிலும் எளிது. கிளம்பிவிட்டீர்கள் என்றால், தாய்நாட்டுக் கணக்கைத் தனியாக ஒரு பழைய கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: விபிஎன் வழியாக வங்கிக் கணக்கைத் திறந்தேன். உடனே கணக்கை முடக்கிவிட்டார்கள். விபிஎன் பாதுகாப்பானது என்றுதானே சொல்கிறார்கள்?

பதில்: உங்களுக்குப் பாதுகாப்பாகத் தெரிவது வங்கிக்குத் திருட்டு மாதிரி தெரிகிறது. காலையில் வெளிநாட்டு முகவரியில் லாகின், பத்து நிமிடம் கழித்துத் தாய்நாட்டு முகவரியில் இன்னொன்று. எந்த விமானமும் அவ்வளவு வேகமாகப் பறக்காது. வங்கியின் மோசடித் தடுப்பு மென்பொருள் தேடுவதே இந்த மாதிரித் தாவலைத்தான். நீங்கள் எடுத்த வாடகை முகவரியை உங்களுக்கு முன் யாராவது மோசடிக்காரர் பயன்படுத்தியிருந்தால் அந்தப் பழியும் உங்கள் தலையில்தான்.

விபிஎன் இல்லாமலே வங்கித் தளம் திறக்கிறதா என்று முதலில் பாருங்கள். திறந்தால் அப்படியே பயன்படுத்துங்கள். வெளிநாட்டிலிருந்து உங்கள் கணக்கை நீங்கள் பார்ப்பதில் மறைக்க ஒன்றுமில்லை. தளத்துக்கும் உங்களுக்கும் இடையில் போகும் தகவல் ஏற்கெனவே குறியாக்கம் செய்யப்பட்டதுதான். மற்ற வேலைகளுக்கு விபிஎன் ஓடிக்கொண்டே இருக்க வேண்டுமென்றால், செயலியில் ஸ்ப்ளிட் டனலிங் என்ற அமைப்பில் வங்கி ஆப்பை மட்டும் விலக்கிவையுங்கள்.

விபிஎன் இல்லாமல் திறக்கவே இல்லை என்றால், எப்போதும் ஒரே சர்வர், முடிந்தால் உங்களுக்கென்றே ஒதுக்கிய ஐபி. வங்கி ஆப்பைத் திறக்கும் முன்பே இணைத்து, வெளியேறிய பிறகுதான் துண்டிக்க வேண்டும். விபிஎன் அறுந்தால் இணையத்தையே நிறுத்திவிடும் கில் சுவிட்ச் போட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் விபிஎன் அறுந்த நொடியில் முகவரி தாவும், பணப் பரிமாற்றம் பாதியில் நிற்கும்.

முடக்கம் விழுந்துவிட்டால் கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்காதீர்கள். வாடிக்கையாளர் சேவையை அழைத்து, எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்பதை அவர்கள் பதிவில் ஏற்றச் சொல்லுங்கள். பல நாடுகளில் வெளிநாட்டில் குடியேறியதை வங்கிக்குத் தெரிவிப்பது சட்டப்படி உங்கள் கடமை. அதை விபிஎன் போட்டு மூடிவைப்பது பின்னால் பெரிய தலைவலி.

கேள்வி: விபிஎன் எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் ஓடிபி வருவதில்லை. எந்த சர்வரைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: எந்த சர்வரும் உதவாது. குறுஞ்செய்தி இணையத்தில் வருவதில்லை, மொபைல் நெட்வொர்க்கில் வருகிறது. தாய்நாட்டு சிம் உயிரோடும் ரோமிங் திறந்தும் இருக்க வேண்டும். டேட்டா ரோமிங்கை அணைத்துவிட்டு, குரலுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டும் ரோமிங்கை வைத்தால் போதும். அந்த எண்ணைப் பல மாதம் பயன்படுத்தாமல் விட்டால் நிறுவனம் அதை வேறொருவருக்குக் கொடுத்துவிடும், உங்கள் ஓடிபி அவருக்குப் போகும். இது கற்பனை பயம் இல்லை. கைபேசிக்குள்ளேயே ஓடிபி உருவாக்கும் ஆதென்டிகேட்டர் செயலியை வங்கி ஏற்றால், ஊரில் இருக்கும்போதே அதற்கு மாறிவிடுங்கள்.

மொபைல் சிக்னலுக்குப் பதிலாக வைஃபையைப் பயன்படுத்தும் வைஃபை காலிங் வழியாகக் குறுஞ்செய்தி பெறலாமே என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். பெறலாம், உங்கள் நிறுவனம் வெளிநாட்டிலிருந்து அனுமதித்தால். சில நிறுவனங்கள் வெளிநாட்டு ஐபியைக் கண்டதும் மறுத்துவிடும். கைபேசியில் விபிஎன் ஆப் போட்டாலும் பெரும்பாலும் பலன் இராது, ஏனென்றால் வைஃபை காலிங்குக்குக் கைபேசியே தனியாக ஒரு சுரங்கம் போடுகிறது. யுடிபி (தகவல் அனுப்பும் ஒரு முறை) 500, 4500 போர்ட்டுகளில் (எண்ணிட்ட வாசல்கள்) போகும் அது ஆப்பைச் சுற்றிக்கொண்டு போய்விடும். விபிஎன்னை ரவுட்டரில் அமைத்தால் அதுவும் உள்ளே அடங்கும்.

கேள்வி: ஊரில் பெற்றோர் வீட்டில் பிராட்பேண்ட் இருக்கிறது. அதன் வழியாகவே நான் இணைய முடியுமா? ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினி ஒன்று சும்மா கிடக்கிறது.

பதில்: முடியும், இந்தப் பக்கத்தில் சொன்னவற்றில் இதுவே சிறந்த வழி. தளங்களுக்கு நீங்கள் சாதாரண வீட்டு இணைப்பாகத்தான் தெரிவீர்கள்.

முதலில் ஒரு சோதனை. வீட்டு ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் வான் (WAN, வெளி இணைப்பு) முகவரி என்று ஒரு ஐபி இருக்கும். ஐபி காட்டும் தளத்தில் தெரிவதும் அதுவும் ஒன்றுதானா? ஒன்றென்றால் நல்லது. வான் முகவரி 100.64 முதல் 100.127 வரையுள்ள எண்ணில் தொடங்கினால், நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டிருக்கிறது. சிஜிநாட் என்பார்கள். வெளியிலிருந்து உங்கள் வீட்டுக் கதவைத் தட்டவே வழியில்லை. நிறுவனத்திடம் நிலையான பொது ஐபி கேட்டு வாங்கலாம். அல்லது ராஸ்பெர்ரி பையில் டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் மென்பொருளை நிறுவி அதை எக்ஸிட் நோடாக (உங்கள் இணையம் வெளியேறும் வாசலாக) அறிவிக்கலாம். அது உள்ளிருந்தே வெளியே இணைப்பை எடுப்பதால் சிஜிநாட் தடையாக இருக்காது.

பொது ஐபி இருந்தால் வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருளைப் போடுங்கள். பையில் நிறுவி, ரவுட்டரில் யுடிபி 51820 போர்ட்டைப் பையின் உள்முகவரிக்குத் திருப்பிவிடுங்கள். அந்த உள்முகவரி மாறாதபடி ரவுட்டரில் ஒதுக்கிவையுங்கள். வீட்டு ஐபி அடிக்கடி மாறும் என்பதால் எந்த ஐபிக்கு மாறினாலும் வீட்டையே காட்டும் டைனமிக் டிஎன்எஸ் பெயர் ஒன்று வேண்டும். உங்கள் கருவிப் பக்கத்து அமைப்பில் அலவ்டு ஐபிஸ் என்ற வரியில் 0.0.0.0/0 (ஐபிவி4 முழுவதும்), ::/0 (ஐபிவி6 முழுவதும்) என்று இரண்டையும் எழுதுங்கள். முதலாவதை மட்டும் எழுதினால் மேலே சொன்ன ஐபிவி6 கசிவு இங்கேயும் வரும். இணைப்பு தூங்கிவிடாமல் தட்டிக்கொண்டிருக்கும் பெர்சிஸ்டன்ட் கீப்பலைவ் 25 விநாடி. ஒவ்வொரு கருவிக்கும் தனிச் சாவி (அதை அடையாளம் காட்டும் ரகசியக் குறியீடு). ஒரே சாவியைக் கைபேசியிலும் மடிக்கணினியிலும் போட்டால் இரண்டும் மாறி மாறி அறுந்து உங்களைப் பைத்தியமாக்கும்.

எங்கே சறுக்கும்? இரு முனைகளும் ஒன்றையொன்று அடையாளம் காணும் ஹேண்ட்ஷேக்கே நடக்கவில்லை என்றால் போர்ட் திருப்பல் அல்லது சாவி தவறு. தவறான சாவிக்கு வயர்கார்டு பதிலே சொல்லாது; பிழைச் செய்தியைத் தேடாதீர்கள். ஹேண்ட்ஷேக் நடக்கிறது, பக்கம் எதுவும் திறக்கவில்லை என்றால் பையில் ஐபி ஃபார்வர்டிங்கோ (வந்த தகவலை மேலே அனுப்புவது) நாட் விதியோ (அதை வீட்டு முகவரியில் அனுப்புவது) விட்டுப்போயிருக்கும். சிறிய பக்கங்கள் வருகின்றன, பெரியவை பாதியில் தொங்குகின்றன என்றால் எம்டியு (ஒரு தகவல் பொட்டலத்தின் உச்ச அளவு) என்பதை 1420-லிருந்து 1280-க்கு இறக்குங்கள். நேற்று வரை ஓடியது இன்று இல்லை என்றால் வீட்டு ஐபி மாறியிருக்கும். வயர்கார்டு பெயரை முகவரியாக்குவது இணைப்பைத் தொடங்கும்போது மட்டும்தான், அணைத்துப் போட்டால் புது முகவரியைப் பிடித்துக்கொள்ளும்.

பலர் கவனிக்காத இன்னொன்று. நீங்கள் இருக்கும் இடத்து வைஃபையும் ஊர் வீடும் 192.168.1 என்று தொடங்கும் உள்முகவரி வரிசையிலேயே இருந்து, டிஎன்எஸ்ஸாக வீட்டு ரவுட்டரின் 192.168.1.1-ஐக் கொடுத்திருந்தால், தளத்தின் பெயரைக் கேட்கும் கோரிக்கை ஊருக்குப் போகாமல், உங்கள் அருகிலிருக்கும் ரவுட்டருக்குப் போய்விடும். ஊர் வீட்டை 192.168.73 போல யாரும் தொடாத வரிசைக்கு மாற்றுங்கள்.

வேகம்? ஊர் வீட்டின் அப்லோட் வேகம்தான் உங்கள் டவுன்லோட் வேகம். ஹெச்டி படம் தடையின்றி ஓட 5 எம்பிபிஎஸ் அளவாவது அப்லோட் வேண்டும். திட்டத்தில் 100 என்று போட்டிருப்பது டவுன்லோடாக இருக்கலாம், அளந்து பாருங்கள். மின்சாரம் அடிக்கடி போகும் வீடென்றால் பைக்குப் பதிலாகப் பழைய மடிக்கணினியை வையுங்கள். அதன் பேட்டரியே யுபிஎஸ். ரவுட்டருக்கும் ஒரு சின்ன யுபிஎஸ் வேண்டும், மறக்காதீர்கள்.

சோதனையை ஊரில் இருக்கும்போதே, கைபேசியின் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் செய்யுங்கள். வீட்டு வைஃபைக்குள் இருந்தபடி செய்தால் பல ரவுட்டர்கள் தன் வெளிமுகவரிக்குத் தானே வழிவிடாது. நல்ல அமைப்பும் கெட்டுப்போனதாகத் தோன்றும்.

கேள்வி: விபிஎன் பட்டியலில் "இந்தியா" இருக்கிறது. சர்வர் உண்மையில் அங்கே இல்லை என்கிறான் நண்பன். எது சரி?

பதில்: நண்பர் சொல்வது சரியாக இருக்கலாம். 2022 ஏப்ரலில் இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டு வைத்திருக்கும்படி விபிஎன் நிறுவனங்களைக் கேட்டது. எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்ட்விபிஎன் மூன்றும் இந்தியாவிலிருந்த சர்வர்களை எடுத்துவிட்டன. எக்ஸ்பிரஸ்விபிஎன் இந்திய ஐபியோடு சிங்கப்பூரிலும் பிரிட்டனிலும் சர்வர்களை வைத்தது. இதற்கு விர்ச்சுவல் லொகேஷன் என்று பெயர். ஐபி இந்தியாவுடையதாகப் பதிவாகியிருப்பதால் பெரும்பாலான தளங்கள் ஏற்கும்.

எந்த நாட்டுக்கும் நீங்களே சரிபார்க்கலாம். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் போகும். போய்வர 100 கிலோமீட்டருக்கு 1 மில்லிவிநாடி. தாய்நாடு 8,000 கிலோமீட்டர் தள்ளி இருந்தால், விபிஎன் இல்லாமல் அந்த சர்வருக்குப் பிங் (தட்டிப் பதில் வரும் நேரத்தை அளப்பது) செய்யும்போது 80 மில்லிவிநாடிக்குக் குறைவாக வரவே முடியாது. 30 வந்தால் சர்வர் பக்கத்தில் எங்கோ இருக்கிறது.

கேள்வி: இது சட்டவிரோதமா?

பதில்: பெரும்பாலான நாடுகளில் விபிஎன் பயன்படுத்துவது குற்றமில்லை. ஒளிபரப்புத் தளத்தின் விதியை மீறுவது வேறு. அதற்கு அவர்கள் கணக்கை மூடலாம். நாட்டுக்கு நாடு நிலைமை மாறும் என்பதை மறக்கக் கூடாது. ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டு 34-ஆம் எண் சட்டத்தின்படி, குற்றம் செய்யவோ அது வெளியே தெரியாமல் தடுக்கவோ ஐபி முகவரியை மாற்றி ஏமாற்றினால் சிறையோ, 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. சீனாவில் அனுமதி பெறாத விபிஎன் செயலிகளை ஆப்பிள் 2017-லேயே ஸ்டோரிலிருந்து நீக்கிவிட்டது. போய் இறங்கிய பிறகு தேடினால் கிடைக்காது. ஐரோப்பிய ஒன்றிய நாடொன்றில் குடியிருந்து இன்னொன்றுக்குத் தற்காலிகமாகப் போகிறவருக்கு விபிஎன்னே வேண்டாம். கட்டணம் செலுத்தும் ஒளிபரப்புகள் அங்கேயும் ஓட வேண்டும் என்பது 2018 ஏப்ரல் 1 முதல் விதி. நிரந்தரமாகக் குடிபெயர்ந்தவருக்கு அது பொருந்தாது.

கேள்வி: இலவச விபிஎன் போதாதா?

பதில்: வங்கிக்கு வேண்டவே வேண்டாம். ஹோலா என்ற இலவசச் சேவை, பயனர்களின் இணைப்பையே வேறொரு வணிகத்துக்கு வாடகைக்கு விட்டுவந்தது 2015-ல் வெளியே வந்தது. உங்கள் ஐபியில் யாரோ உலாவினார்கள் என்று அர்த்தம்.

கேள்வி: ஓட்டல் வைஃபையில் மட்டும் விபிஎன் இணைய மறுக்கிறது.

பதில்: விபிஎன்னை அணைத்து, ஓட்டலின் லாகின் பக்கத்தை முடித்துவிட்டு இணையுங்கள். அப்போதும் இல்லையென்றால் அவர்கள் யுடிபியை அடைத்திருக்கிறார்கள். வயர்கார்டு யுடிபியில் மட்டுமே ஓடும். ஓபன்விபிஎன் என்ற இன்னொரு வகையை டிசிபி (யுடிபிக்கு மாற்றான அனுப்பும் முறை) 443 போர்ட்டில் போடுங்கள். சாதாரண இணையப் பக்கங்கள் போகும் வாசல் அதுதான் என்பதால் அதை அடைப்பவர்கள் குறைவு. வேகம் கொஞ்சம் குறையும்.