'ராஜி எழுதித் தா' என்கிறார்கள், எழுதலாமா?

கேள்வி: கேரளத்தில் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் இருந்து அதே மாவட்டத்துக் கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனிக்கு ஆறு வருடமாக வேலைக்குப் போகிறேன். மேனேஜர் எதையும் வாயால்தான் சொல்வார். காலையில் ஒன்று, சாயங்காலம் நேர்மாறாக ஒன்று. தப்பானால் பழி என் தலையில். இப்போது எச்.ஆர். 'ராஜி எழுதித் தா, கணக்கை உடனே முடிக்கலாம்' என்கிறார். தெரிந்த ஏஜென்ட்டும் அதையே சொல்கிறார்.

பதில்: எழுதாதீர்கள். நமக்கு ராஜி என்றால் சமாதானம். மலையாளத்தில் ராஜி என்றால் ராஜினாமா. மேனேஜரோடு சமாதானமாகப் போகச் சொல்கிறார்கள் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு என்னிடம் வந்தவர்கள் உண்டு.

ஐந்து வருடம் தாண்டிவிட்டதால், நீங்களாக விலகினாலும் கிராஜுவிட்டி (பணிக்கொடை) வரும். வருடத்துக்கு 15 நாள் சம்பளம். அதைச் சலுகை மாதிரி பேசுவார்கள், நம்பாதீர்கள். ஆள்குறைப்பு என்று கம்பெனியே அனுப்பினால் ஒரு மாத நோட்டீஸும், வருடத்துக்கு இன்னொரு 15 நாள் சம்பளமும் தனியாகத் தர வேண்டும். ராஜினாமா கொடுத்தால் இது போச்சு. அவசரம் அதற்குத்தான்.

ஏஜென்ட்டுக்கு என்ன அக்கறை? பி.எஃப். எடுத்துக் கொடுத்துக் கமிஷன் பார்ப்பதுதான். ஆன்லைனில் பி.எஃப். எடுக்கக் கட்டணமே கிடையாது. ஆதார் ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள். வெள்ளைத்தாளில் கையெழுத்து கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

'நீ சூப்பர்வைசர், உனக்குத் தொழிலாளர் சட்டமே பொருந்தாது' என்றும் மிரட்டுவார்கள். ஐடி கார்டில் என்ன போட்டிருக்கிறது என்பது முக்கியமில்லை. கையால் என்ன வேலை செய்கிறீர்கள் என்பதுதான் கணக்கு. நாள் முழுக்க மெஷின் ஓட்டிவிட்டு இரண்டு பேருக்கு வருகை குறிப்பவர் சூப்பர்வைசர் ஆகிவிட மாட்டார். உண்மையாகவே மேற்பார்வை மட்டும் பார்த்து, மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால்தான் புதிய தொழிலுறவுச் சட்டத்தில் வெளியே நிற்பீர்கள். பழைய சட்டத்தில் அது 10,000.

மேனேஜரின் வாய்க்குச் சட்டத்தில் மருந்தில்லை. அவர் சொன்னதை நீங்கள் எழுத்தாக்குங்கள்: 'சார், 10 மணிக்குச் சொன்னபடி இரண்டாவது லைனை நிறுத்துகிறேன்' என்று வாட்ஸப்பில் ஒரு வரி போதும். கோபித்துக்கொண்டு வீட்டில் உட்காராதீர்கள்; தானே நின்றுவிட்டார் என்று எழுதிவிடுவார்கள். கேட்டில் தடுத்தால் அன்றைக்கே அதை எழுதி ஸ்பீடு போஸ்ட்டில் கம்பெனிக்கு அனுப்பி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

மனு பாலக்காடு மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்துக்கு. கோவையில் கொடுத்தால் எடுக்க மாட்டார்கள். அப்புறம் சமரசப் பேச்சு. 45 நாள் என்பதெல்லாம் ஏட்டில்தான். கம்பெனி ஆள் வராமலே மூன்று வாய்தா போகும், அதிகாரியும் அடுத்த தேதி குறிப்பார். அதனால் ஒரு நகலைத் திருவனந்தபுரத்தில் தொழிலாளர் ஆணையருக்குத் தமிழிலேயே அனுப்புங்கள். துறைத் தலைமைக்குத் தமிழில் எழுத 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் உங்களுக்கு உரிமை தந்திருக்கிறது.