"ஹாட் டிஸ்க் போய்விட்டது" என்றால் உடனே நம்பிவிடாதீர்கள்

கேள்வி: சேர், நான் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். 2011இல் அப்பா வாங்கிய டெஸ்க்டொப் கணினி வீட்டில் இருக்கிறது. வின்டோஸ் 7தான். இடி மின்னலுக்குப் பயந்து ஒவ்வொரு இரவும் பிளக்கைக் கழற்றிவிடுவேன். சில மாதங்களாகக் காலையில் போட்டால் திகதி 2010 என்று காட்டுகிறது, எஃப் 1 அழுத்தச் சொல்கிறது. இப்போது வின்டோஸ் சின்னம் வந்ததும் நீலத் திரை ஒரு நொடி மின்னி, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. டவுனில் காட்டினேன். "ஹாட் டிஸ்க் போய்விட்டது, வைத்துவிட்டுப் போங்கள், ஃபோமட் அடித்துத் தருகிறோம்" என்றார்கள். காலமான அப்பாவின் படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. பிளக்கைக் கழற்றிக் கழற்றித்தான் கெடுத்தாய் என்று வீட்டில் ஏசுகிறார்கள். என்ன செய்வது?

பதில்: டீச்சர், ஃபோமட் அடிக்க விடாதீர்கள். டிஸ்க்கில் உள்ளதையெல்லாம் அழித்துப் புதிதாக்குவதுதான் ஃபோமட். கணினி இன்னும் கடையில் இருந்தால் இன்றைக்கே போய் எடுத்து வாருங்கள். அவர்கள் சொன்னதையே கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். டிஸ்க் உண்மையில் செத்திருந்தால் அதை ஃபோமட் அடிக்க முடியாது. ஃபோமட் அடிக்க முடிகிறதென்றால் அது சாகவில்லை. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்பவர் உங்கள் கணினியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்றுதான் நான் நினைப்பேன்.

நீங்கள் எழுதியதில் முக்கியமான விஷயம் திகதி. கணினிக்குள் மதர்போர்டில், அதாவது எல்லாப் பாகங்களும் மாட்டியிருக்கும் பெரிய பலகையில், ஒரு ரூபாய்க் குற்றி மாதிரி வட்டமான பட்டரி ஒன்று இருக்கிறது. சிஆர் 2032 என்று அதன் மேலேயே எழுதியிருக்கும், 3 வோல்ட். கரண்ட் இல்லாத நேரத்தில் திகதியையும் கணினியின் அடிப்படை அமைப்புகளையும் மறக்காமல் வைத்திருப்பது அதுதான். பல வருடம் போனால் அது தீர்ந்துவிடும். பிளக் மாட்டியிருக்கும்வரை கணினி சுவரிலிருந்து வரும் கரண்டில் நினைவு வைத்துக்கொள்ளும். பிளக்கைக் கழற்றினால் எல்லாம் மறந்து, தொழிற்சாலையில் வைத்த நிலைக்கே திரும்பிவிடும். அதனால்தான் உங்களுக்குக் காலையில் மட்டும் இந்தக் கூத்து.

பட்டரி சோற்றுப் பார்சல் விலைகூட வராது. பிளக்கைக் கழற்றி, பவர் பொத்தானைச் சில நொடி அழுத்திவிட்டு, பக்கத் தகட்டைத் திறந்து, பட்டரியைப் பிடித்திருக்கும் சின்னக் கம்பியை விலக்கினால் தானாக மேலே வரும். எழுத்து உள்ள பக்கம் மேலே இருக்கும்படி புதியதை வையுங்கள்.

சரி, பட்டரி மாற்றியும் நீலத் திரை வரலாம். இங்கேதான் நிறையப் பேர் மனம் உடைந்து கடைக்குப் போகிறார்கள், ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். புது பட்டரி பழைய அமைப்புகளைத் திருப்பிக் கொண்டுவராது. கணினி ஹாட் டிஸ்க்கோடு பேசுவதற்கு இரண்டு முறை இருக்கிறது: ஒன்று ஐடிஇ (IDE), மற்றது ஏஎச்சிஐ (AHCI). உங்கள் வின்டோஸை ஏற்றியபோது எந்த முறை இருந்ததோ, வின்டோஸ் 7க்கு அந்த முறைதான் பழக்கம். அந்தக் காலத்துப் போர்டுகள் பலவற்றில் தொழிற்சாலை நிலை ஐடிஇ. ஏற்றியவர் அதை ஏஎச்சிஐக்கு மாற்றியிருப்பார். பட்டரி தீர்ந்ததும் போர்டு ஐடிஇக்குத் திரும்புகிறது, வின்டோஸ் தன் டிஸ்க்கையே கண்டுபிடிக்க முடியாமல் நீலத் திரையோடு விழுகிறது. அந்தத் திரையை ஃபோனில் வீடியோ எடுத்து நிறுத்திப் பாருங்கள். ஸ்டொப் (STOP) என்ற சொல்லை அடுத்து வரும் எண்ணின் கடைசியில் 7பி (7B) என்று இருந்தால் சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

கணினியைப் போட்டதும் டெல் அல்லது எஃப் 2 பொத்தானை விடாமல் தட்டினால், நான் சொன்ன அடிப்படை அமைப்புகளைக் காட்டும் பயோஸ் திரை வரும். எதையும் தொடுவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் ஃபோனில் படம் எடுங்கள். திகதியைச் சரி செய்யுங்கள். ஹாட் டிஸ்க்கின் பெயர் பட்டியலில் தெரிகிறதா பாருங்கள், தெரிந்தால் மூச்சு விடலாம். அப்புறம் சாட்டா மோட் (SATA Mode) என்ற இடத்தில் ஐடிஇ இருந்தால் ஏஎச்சிஐ ஆக்குங்கள், ஏஎச்சிஐ இருந்தால் ஐடிஇ ஆக்குங்கள். எஃப் 10 அழுத்திச் சேமியுங்கள். இப்படி மாற்றுவதால் படங்கள் அழியாது. சரிவராவிட்டால் பழையபடி வைக்கலாம். ரெய்ட் (RAID) என்று மூன்றாவது ஒன்றும் தெரியும், அதை மட்டும் தொடவேண்டாம்.

வின்டோஸ் திறந்ததும் முதல் வேலையாகப் படங்களை இரண்டு இடத்தில் பிரதி எடுங்கள். அது முடியும்வரை வேறெதையும் செய்யாதீர்கள்.

டிஸ்க் பட்டியலிலேயே இல்லை என்றால் அதன் இரண்டு வயர்களையும் கழற்றி அழுத்தி மாட்டிப் பாருங்கள். நம் ஊர் மழைக்கும் பனிக்கும் இணைப்புகளில் ஈரம் பூத்துப்போவது சகஜம். ஆனால் டிஸ்க்கின் உள்ளிருந்து டிக்... டிக்... என்று ஒரே தாளத்தில் சத்தம் வந்தால் அந்த நொடியே கரண்டை நிறுத்துங்கள். சுழலும் தட்டுக்கு மேலே படிக்கும் முனை மிதக்கும் இடைவெளி, தலைமயிரின் தடிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. முனை பழுதான டிஸ்க்கை மறுபடி மறுபடி போட்டால் தட்டையே கீறிவிடும், அப்புறம் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

அப்படி ஒரு நிலை வந்தால்தான் தரகர்களிடம் மிகக் கவனமாக இருக்கவேண்டும். "கொழும்புக்கு அனுப்பி எடுத்துத் தருகிறோம்" என்று வாங்குபவர்களில் சிலர் முதலில் தாங்களே திறந்து பார்க்கிறார்கள். சிலர் இதே மொடலில் வேறொரு டிஸ்க்கின் பச்சை மின்சுற்றுப் பலகையைக் கழற்றி உங்களுடையதில் மாட்டுகிறார்கள். அந்தப் பலகையில் அந்தந்த டிஸ்க்குக்கே உரிய அளவுகள் பதிந்திருப்பதால் அது பெரும்பாலும் வேலை செய்யாது. அனுப்புவதானால் தரவு மீட்கும் இடத்தோடு நீங்களே பேசுங்கள். தரவு கிடைக்காவிட்டால் கட்டணம் உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். டிஸ்க்கை மட்டும் கொடுங்கள், கணினியைக் கொடுக்காதீர்கள். கொடுக்கும் முன் அதன் மேல் ஒட்டியிருக்கும் தொடர் இலக்கத்தைப் படம் எடுங்கள். பழைய டிஸ்க்கைத் திருப்பித் தராமல் "அது குப்பை" என்று சொல்லும் கடைக்கு மறுபடி போகவேண்டாம். உங்கள் அப்பாவின் முகம் அதில் இருக்கிறது, அது குப்பை இல்லை.

பில் கேட்டு வாங்குங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம், ஆனால் கையில் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லாமல் எதைக் காட்டி முறையிடுவது? தோட்டங்களிலிருந்து பஸ் ஏறி வரும் சனத்துக்குப் பில் கொடுக்காமல் அனுப்புவதை ஒரு வழக்கமாகவே ஆக்கிவிட்டார்கள். பாடசாலைகளும் இதே கதைதான். கணினி கொடுக்கும் நாளில் மேடை போடுகிறார்கள், ஐந்து வருடம் கழித்து ஒரு பட்டரி மாற்ற யாரும் பணம் ஒதுக்குவதில்லை. பட்டரி தீர்ந்து "பழுது" என்று மூலையில் மூடிவைத்த கணினிகளை நானே எத்தனையோ பாடசாலைகளில் பார்த்திருக்கிறேன். உங்கள் பாடசாலையிலும் அப்படி இருந்தால் வரும்போது நாலைந்து பட்டரி சேர்த்து வாங்கி வாருங்கள்.

வீட்டில் ஏசுகிறவர்களுக்கும் சொல்லுங்கள்: பிளக்கைக் கழற்றியதால் எதுவும் கெடவில்லை. தீர்ந்துபோன பட்டரியை அது காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான். இடி இடிக்கும் ஊரில் பிளக்கைக் கழற்றுவதுதான் சரி. புது பட்டரி போட்ட பிறகும் இரவில் கழற்றியே வையுங்கள்.